வாசகர் கேள்வி – பதில்: ஆகாய விமானமும் ஆரம்பக் கூட்டமும்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, விமானங்கள் வெளிவிடும் காபனைக் குறைப்பது அரசுகளாலோ கொம்பனிகளாலோ தனித்துச் செய்யக்கூடிய காரியமில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வாகரை தொடக்கம் பொத்துவில் வரை அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

காலையில் கல்லடிப் பாலத்தால் பாடசாலைக்குப் போகும்போது வாவிக்கு மேலே, மிக உயரத்தில், விமானம் ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு செல்வதைச் சில நாட்களில் காண்கிறேன். சில நாட்களில் விமானம் தெரிகிறது, கோடு இல்லை. அந்தக் கோடுதான் நீங்கள் எழுதிய புகையா?
– ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

நீங்கள் காண்பது புகையன்று, பனித்துகள். எரிபொருள் எரியும்போது நீராவியும் வெளியேறுகிறது. ஏறக்குறைய 11 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டிக் குளிர்ந்திருப்பதால், அந்த நீராவி கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு உடனேயே உறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் கோடு சில விநாடிகளில் அழிந்துவிடும். ஈரம் கூடுதலாக இருந்தால் அது மணிக்கணக்கில் நின்று, அகன்று, மெல்லிய முகிலாகவே மாறிவிடும். அப்படி மாறிய முகில் பூமியிலிருந்து மேலெழும் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது, அதிலும் சூரியன் இல்லாத இரவில் அதன் தீங்கு அதிகம். காபனீரொட்சைட்டோ நிறமற்றது. கோடு தெரியாத நாளிலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கோட்டைத் தவிர்க்கவும் வழி தேடுகிறார்கள். 2023 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கொம்பனியும் கூகிளும் சேர்ந்து, ஈரம் மிகுந்த காற்றடுக்கை முன்கூட்டியே கணித்து, விமானிகள் சற்று மேலேயோ கீழேயோ பறக்கும்படி 70 பரீட்சார்த்தப் பறப்புகளை நடத்தின. கோடுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆனால் உயரத்தை மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் ஆகாயக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும். இந்த அனுமதிப் பிரச்சினை அடுத்த பதில்களிலும் வரும்.

ஒரு தொன் எரிபொருளை எரித்தால் மூன்று தொன்னுக்கும் மேல் காபனீரொட்சைட்டு வரும் என்று எங்கள் விஞ்ஞானப் பாட ஆசிரியர் சொன்னார். உள்ளதை விடக் கூடுதலாக எப்படி வர முடியும்?
– மாணவன், காத்தான்குடி

ஆசிரியர் சொன்னது சரி. விமான எரிபொருள் மண்ணெண்ணெய்க்கு மிக நெருங்கிய உறவு. அதன் நிறையில் ஏறத்தாழ 86 சதவீதம் காபன். எரியும்போது ஒவ்வொரு காபன் அணுவும் வளியிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. காபனின் அணுநிறை 12, இரண்டு ஒட்சிசன் அணுக்களின் நிறை 32, ஆக மொத்தம் 44. 0.86 ஐ 44 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்துப் பாருங்கள், 3.15 வரும். விமானத்துறையின் கணக்கேடுகளில் 3.16 என்று எழுதுவார்கள். மேலதிக நிறை முழுவதும் நாம் சுவாசிக்கும் இதே காற்றிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் பெரிய விமானம் ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 6 தொன் எரிபொருள் எரிக்கும் என்று வைத்துக்கொண்டால், அது மணித்தியாலத்துக்கு 19 தொன் காபனீரொட்சைட்டு. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எரிபொருள் மிச்சமானால் கொம்பனிக்குத்தானே இலாபம்? அப்படியானால் அவர்களே குறைத்துக்கொள்வார்கள். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?
– விவசாயி, அக்கரைப்பற்று

நியாயமான கேள்வி. விமானக் கொம்பனி ஒன்றின் செலவில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை எரிபொருளுக்கே போய்விடுவதால், மிச்சம் பிடிக்கும்படி அவர்களுக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. இறக்கை நுனியை மேல்நோக்கி வளைத்ததும், புதிய எயார்பஸ் ஏ320 நியோ விமானங்கள் தமக்கு முந்தியவற்றை விட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக எரிப்பதும் அந்த இலாப நோக்கத்தால் வந்த நன்மைகளே.

ஆனால் விமானம் கொம்பனிக்குச் சொந்தம், வானம் சொந்தமில்லை. உங்களுக்குப் பழக்கமான ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். சிறுபோகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், பிரதேச செயலாளர், விவசாய அமைப்புகள், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமார் என எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து, குளத்தில் இருக்கும் நீரளவைப் பார்த்து, எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். பொறியியலாளர் தாமாகவே மதகைத் திறந்தால் உழாத வயலுக்கு நீர் பாய்ந்து வீணாகிக் கடலுக்குப் போகும். விவசாயி தாமாகவே விதைத்தால் பயிர் காயும். இருவர் கையிலும் பாதிப் பாதி அதிகாரம் இருக்கிறது, இரு பாதியும் ஒரே நாளில் பொருந்தினால்தான் ஒரு சொட்டு நீராவது மிஞ்சும்.

வானமும் இப்படித்தான் கிடக்கிறது. உலக ஆகாயம் பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வலயமும் ஒரு நாட்டின் கட்டுப்பாட்டில் விடப்பட்டிருக்கிறது. நமது தீவு சிறிதாயினும், இந்து சமுத்திரத்தின் மேலே கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பில் உள்ள வலயம் தீவைப் போலப் பல மடங்கு பெரியது. துபாயிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போகும் விமானி, அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, வழமையான பாதையை விட்டுச் சற்று விலகிப் பறந்தால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்று கண்டுகொண்டாலும், வழியிலுள்ள ஒவ்வொரு வலயமும் அதற்கு இணங்க வேண்டும். ஒரு வலயம் மறுத்தாலும் பழைய பாதைதான். இராணுவத்துக்கென ஒதுக்கிய ஆகாயம் குறுக்கே இருந்தால், அதைச் சுற்றிப் போக வேண்டியதுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அரசுகளும் கொம்பனிகளும் முதலில் ஒன்றாக உட்கார்ந்தன. 2007 இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அத்திலாந்திக் கடலுக்கு மேலான விமானப் பாதைகளுக்காக ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2008 இல் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் ஆகாயக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பசிபிக் கடலுக்காக ஆஸ்பயர் என்ற திட்டத்தைத் தொடங்கின. பின்னர் யப்பானும் சிங்கப்பூரும் தாய்லாந்தும் சேர்ந்தன. நமது பக்கத்துக் கடலுக்கு 2011 இல் இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அமைப்புகளும் சேர்ந்து இன்ஸ்பயர் என்ற திட்டத்தை அமைத்தன.

ஆஸ்பயரின் முதல் பறப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2008 செப்டெம்பரில் எயார் நியூசிலாந்தின் போயிங் 777 ஒன்று ஓக்லாந்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. பயணிகளும் பொதிகளும் ஏறி, உண்மையான நிறை தெரிந்த பிறகே கடைசி எரிபொருள் ஊற்றப்பட்டது. அதனால் பயத்துக்காகக் கூட்டி ஊற்றும் வழக்கம் தவிர்க்கப்பட்டது. ஓடுபாதைக்குப் போக வரிசையில் காத்திருக்க விடவில்லை. ஏறும்போது நடுவில் நிறுத்தாமல் உகந்த உயரம் வரை விட்டார்கள். கடல் நடுவில் புதிய காற்று விபரம் வந்ததும் பாதையைத் திருத்தினார்கள். இறங்கும்போது, மேட்டிலிருந்து துவிச்சக்கரவண்டியை மிதிக்காமல் உருளவிடுவது போல, இயந்திரத்தை அடக்கி ஒரே சரிவில் இறக்கினார்கள். வழமையில் விமானம் படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொரு மட்டத்திலும் நின்று நின்று இறங்கும். நிற்கும் ஒவ்வொரு படியிலும் இயந்திரத்தை மீண்டும் முடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பயணத்துக்காகப் புதிய இயந்திரம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்ததை இருந்தபடியே வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நாளில் சரியாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு ஒரு விமானத்துக்கு இதைச் செய்வது காட்சி. நெரிசலான நேரத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் செய்வதுதான் வேலை, அது இன்னும் முடியவில்லை.

2022 இல் நாட்டில் எரிபொருள் இல்லாதபோது விமானங்கள் என்ன செய்தன? அது உங்கள் கணக்கில் வருமா?
– பஸ் சாரதி, கல்முனை

நன்றாக வரும். நாமெல்லாம் பெற்றோல் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், சில விமானங்கள் திரும்பிப் போவதற்கான எரிபொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தன. வேறு சில புறப்பட்ட பின் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ சென்னையிலோ இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. இரண்டும் வீண்செலவு. மேலதிகமாகச் சுமக்கும் எரிபொருளில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம், அதைச் சுமப்பதற்காகவே எரிந்துவிடும். ஐந்து மணித்தியாலப் பயணத்தில் பத்துத் தொன் கூடுதலாக ஏற்றினால், ஒன்றரைத் தொன் வந்து சேராது. பஞ்சமில்லாத காலத்திலும், ஒரு விமான நிலையத்தில் விலை மலிவென்றால் கொம்பனிகள் இதைச் செய்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது தனது விமான நிலையங்களிலிருந்து புறப்படும் கொம்பனிகள் ஆண்டுத் தேவையில் 90 சதவீதத்தையாவது அங்கேயே நிரப்ப வேண்டுமென்று சட்டம் போட்டிருக்கிறது. இலாபம் தானாகவே காபனைக் குறைக்கும் என்று எழுதிய அக்கரைப்பற்று நண்பருக்கு இதுவும் ஒரு பதில்.

கடலுக்கு மேலே வெளிவரும் காபன் எந்த நாட்டின் கணக்கு?
– சட்டத்துறை மாணவி, ஏறாவூர்

எந்த நாட்டின் கணக்கும் இல்லை, தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது. உள்நாட்டுப் பறப்பு அந்தந்த நாட்டின் கணக்கில் வரும். நாடு விட்டு நாடு போகும் பறப்பை 1997 ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, மொன்றியலில் தலைமையகம் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கையில் விட்டது. பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம், தன் மண்ணுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களிடமும் காபனுக்குப் பணம் அறவிட முயன்றபோது சீனாவும் இந்தியாவும் அமெரிக்காவும் கடுமையாக எதிர்த்தன. அந்தச் சண்டையின் அழுத்தத்தில்தான் 2016 ஒக்டோபரில் மொன்றியலில் கோர்சியா என்ற ஏற்பாடு பிறந்தது.

கோர்சியாவின்படி 2019 ஆம் ஆண்டு உமிழ்வின் 85 சதவீதம் ஓர் எல்லைக் கோடாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே போகும் பகுதிக்கு, வேறெங்காவது காடு காத்தோ வேறு வழியிலோ காபன் குறைத்தவர்களிடம் கொம்பனிகள் அந்தக் குறைப்புக்கான காபன் அலகுகளை விலைக்கு வாங்கி ஈடுசெய்ய வேண்டும். 2026 வரை விரும்பிய நாடுகள் சேரலாம், 2027 முதல் 2035 வரை கட்டாயம். மிகவும் பின்தங்கிய நாடுகள், சிறு தீவு நாடுகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஈடுசெய்தல் என்பது அடுத்த வீட்டுக்காரரை விரதம் இருக்கச் சொல்லிவிட்டு நாம் சாப்பிடுவது போன்றது. இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையை மறுக்க மாட்டேன். 2019 ஜனவரி முதல் பெரிய கொம்பனிகள் எல்லாம் தமது சர்வதேசப் பறப்புகளின் உமிழ்வை அளந்து, சுயாதீனமான ஒருவர் சரிபார்த்த பிறகு அரசுக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. அளக்காத நெல்லுக்கு விலை பேச முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, விமானத்தின் தொட்டியில் வரும் எரிபொருளுக்குத் தீர்வை விதிக்கக்கூடாது என்றது. பின்னர் நாடுகள் இருதரப்பு ஒப்பந்தங்கள் மூலம், நிரப்பும் எரிபொருளுக்கும் அந்தச் சலுகையை நீட்டின. 2022 இல் மண்ணெண்ணெய் விலை ஏறியபோது வாழைச்சேனைத் துறையில் படகுகள் கரையில் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே எண்ணெய்தான்.

வடைக்கடை எண்ணெயில் விமானம் ஓடுகிறதாமே? எங்கள் பக்கம் வைக்கோலும் கரும்பும் நிறைய இருக்கின்றன. நாமும் செய்யலாமா?
– ஓய்வுபெற்ற கூட்டுறவு முகாமையாளர், அம்பாறை

ஓடுகிறது என்பது உண்மை. 2023 நவம்பர் 28 ஆம் திகதி வேர்ஜின் அத்லாந்திக்கின் போயிங் 787 ஒன்று, பாவித்த எண்ணெய், கழிவுக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து பெரும்பகுதி தயாரித்த எரிபொருளை மட்டுமே நிரப்பி லண்டனிலிருந்து நியூயோர்க் போனது. பிரித்தானிய அரசு அதற்குப் பணமும் கொடுத்து, விசேட அனுமதியும் வழங்கியது. அனுமதி ஏன் தேவைப்பட்டதென்றால், சாதாரண பாவனையில் இத்தகைய எண்ணெயைப் பாதிக்கு மேல் கலக்க விதி இடங்கொடுப்பதில்லை. தயாரித்தல் முதல் எரித்தல் வரை முழுக் கணக்கும் பார்த்தால், நல்ல மூலப்பொருளில் செய்தால் காபன் 80 சதவீதம் வரை குறையலாம்.

அளவைத்தான் மறக்கக்கூடாது. நாம் குறித்து வைத்த 6 தொன் எரிபொருள் ஏறக்குறைய 7,500 லீற்றர். கல்முனையில் ஒரு வடைக்கடை நாளொன்றுக்கு 5 லீற்றர் எண்ணெயை, திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காமல், ஒழுங்காக ஒதுக்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 1,500 கடைகளின் ஒரு நாள் எண்ணெய் ஒரு விமானத்தின் ஒரு மணித்தியாலப் பறப்புக்குத்தான் காணும், அதிலும் பதப்படுத்தும்போது குறைவது வேறு. 2024 இல் உலகம் முழுவதும் உற்பத்தியான இத்தகைய எரிபொருள் ஏறக்குறைய 10 இலட்சம் தொன், விமானங்களின் மொத்தப் பாவனையில் 0.3 சதவீதம். பாவித்த எண்ணெய்க்கு விலை ஏற ஏற, புதிய பாம் எண்ணெயையே பாவித்தது என்று சொல்லி விற்பார்களோ என்ற அச்சமும் ஐரோப்பாவில் இருக்கிறது.

வைக்கோலிலிருந்தும் செய்யலாம். கரும்பிலிருந்து எடுக்கும் மதுசாரத்தை விமான எரிபொருளாக்கும் முறைக்கு 2018 இல் சர்வதேசத் தர அங்கீகாரம் கிடைத்தது. ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலை அரசும் தனியாரும் பங்காளிகளாக நடத்துவது என்பதால், உங்கள் கேள்விக்குப் பின்னால் அதுவும் இருக்குமென்று நினைக்கிறேன். ஆனால் கரும்புக்குப் போகும் நீர் நெல்லுக்குப் போகாத நீர். அதனால் எனக்குக் கரும்பை விட வைக்கோலிலேயே நம்பிக்கை. அறுவடைக்குப் பின் வட்டையில் தீ வைத்துக் கொளுத்துவதைக் காட்டிலும் எதுவும் மேல். அதிலும் மாடுகளுக்குரியதையும் மண்ணுக்குத் திரும்ப வேண்டியதையும் கழித்து மிஞ்சுவதைத்தான் எடுக்கலாம். அதுவும் பாரம் குறைந்து இடம் அடைக்கும் பொருள், லொறியில் ஏற்றி இருபது மைல் கொண்டுபோவதற்குள் கூலியே அதன் பெறுமதியைத் தின்றுவிடும்.

பெரிய தடை விலை. இந்த எரிபொருள் சாதாரண எரிபொருளை விட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை விலை கூடியது. வாங்குபவர் உறுதி இல்லாமல் எவரும் தொழிற்சாலை கட்ட மாட்டார். தொழிற்சாலை இல்லாமல் விலை இறங்காது. இங்கே அரசுகள் இரண்டு வகையாகக் கை கொடுக்கின்றன. ஒன்று கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 இல் 2 சதவீதம், 2030 இல் 6, 2050 இல் 70 சதவீதம் கலக்க வேண்டுமென்று எரிபொருள் வழங்குவோருக்கு விதித்திருக்கிறது. இந்தியா சர்வதேசப் பறப்புகளுக்கு 2027 இல் 1 சதவீதம், 2028 இல் 2, 2030 இல் 5 என்று இலக்கு வைத்திருக்கிறது. மற்றது விலை உறுதி. பிரித்தானியா 2025 இல் கொண்டுவந்த சட்டமூலத்தின்படி, உற்பத்தியாளருக்கு ஒரு விலை முன்கூட்டியே நிச்சயிக்கப்படும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் கொடுக்கப்படும், மேலே போனால் உற்பத்தியாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எரிபொருள் வழங்கும் கொம்பனிகளிடம் அறவிடப்படும். நெல் சந்தைப்படுத்தும் சபையின் உத்தரவாத விலையைக் கூட்டுறவில் இருந்து பார்த்த உங்களுக்கு, விலையை அறிவிப்பதற்கும் அந்த விலைக்கு உரிய காலத்தில் வாங்குவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மின்சார விமானம் எப்போது வரும்?
– வாசகர், செங்கலடி

சிறிய விமானங்களில், குறுகிய தூரத்துக்கு, வந்துகொண்டிருக்கிறது. டோஹாவுக்கு வராது. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 கிலோவோட் மணி சக்தி இருக்கிறது, ஒரு கிலோ பற்றரியில் கால் கிலோவோட் மணி அளவுதான். ஐதரசன் விமானத்தை 2035 இல் கொண்டுவருவோம் என்று 2020 இல் சொன்ன எயார்பஸ், 2025 இல் அந்தத் திகதியைப் பிற்போட்டுவிட்டது.

என் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்துபோகிறான். இதையெல்லாம் வாசித்த பிறகு அவன் வருவதும் பாவம் போலத் தோன்றுகிறது.
– தாயார், ஓட்டமாவடி

அம்மா, கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து மணித்தியாலத்துக்கு 30 தொன் எரிபொருள், 95 தொன் காபனீரொட்சைட்டு. அதை 280 பயணிகளுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 340 கிலோ, போகவர 680 கிலோ. இலங்கையர் ஒருவரின் சராசரி ஆண்டு உமிழ்வு ஒரு தொன் அளவு என்பதால் இது சிறிய எண் அன்று. ஆனால் 2020 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வர்த்தக விமானப் பயணத்தின் உமிழ்வில் பாதிக்கு உலக மக்களில் 1 சதவீதத்தினரே காரணம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தாயைப் பார்க்க வருபவர் அந்த ஒரு சதவீதத்தில் இல்லை. மகன் வரட்டும். முடியுமானால் இடையில் வேறு ஊரில் இறங்கி மாறாமல் நேரே வரும் விமானத்தில் வரச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து மேலெழும்போதுதான் இயந்திரம் மிகக் கடுமையாக எரிக்கிறது, இரண்டு முறை எழும்பினால் இரண்டு முறை எரியும்.

எங்கள் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?
– வாசகர், திமிலைதீவு

இன்றைக்கு மிகச் சிறியது. பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதிய நீளமான ஓடுபாதை அங்கே இல்லை, வந்துபோவதும் சிறு விமானங்களே. ஆனால் விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் ஒன்றைக் கேட்க நினைப்பதுண்டு. தரையில் நிற்கும் ஜெட் விமானம், குளிரூட்டிக்கும் விளக்குக்கும் வேண்டிய சக்திக்காக வால்பகுதியிலுள்ள சிறு இயந்திரத்தை ஓடவிடுகிறது. ஏ320 போன்ற விமானத்தில் அது மணித்தியாலத்துக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். நிறுத்துமிடத்தில் மின்சார இணைப்பும் குளிர்காற்றுக் குழாயும் இருந்தால் அந்த இயந்திரத்தை அணைத்துவிடலாம். தளத்துக்குக் கொங்கிறீற் போடும்போதே மின்கம்பிக்கான குழாயைப் புதைத்துவிட்டால் செலவு சொற்பம். போட்ட பிறகு உடைத்துப் புதைத்தால் எவ்வளவாகும் என்பதை, நகரத்தில் புது வீதி போட்டு மூன்றாம் மாதம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியதைக் கண்டவர்கள் அறிவார்கள்.